எழுத்து ஒரு நாள், தாலி ஒரு நாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஜேர்மனியில் வுப்பர்டால் நகரத்துக்கு நான் வந்து சேர்ந்த கோடைகாலத்தில் நடந்தது இது. அப்போது என் மகளுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் வகுப்புக்குப் போய்ப் படித்த ஜேர்மன் மொழி கொஞ்சம் தெரியும். ஆனால் எதிரே ஒரு ஜேர்மன்காரர் வந்து நின்றால் அந்தக் கொஞ்சமும் காணாமல் போய்விடும்.

என் கணவர் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், பிறந்து வளர்ந்தவர். அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர். மேற்படிப்புக்காக வுப்பர்டால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். ஐரோப்பிய நாட்டவர் ஒருவர் இன்னொரு ஐரோப்பிய நாட்டில் படிக்கும்போது மனைவியையும் பிள்ளையையும் தன்னோடு வைத்திருக்கலாம். அந்த முறையில்தான் நானும் மகளும் வந்தோம். மகளுக்குத் தகப்பன் வழியில் ஒல்லாந்துக் குடியுரிமை இருந்ததால், வந்த பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு மட்டும் வதிவிட அட்டை எடுக்கவேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் கணவரோடு அங்கே போகும்போது எல்லாப் பத்திரங்களையும் ஒழுங்காக அடுக்கி ஒரு நீலக் கோப்பில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவள் நான். கடவுச்சீட்டு, விவாகப் பதிவுச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் பல்கலைக்கழகக் கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அந்த அதிகாரிப் பெண்மணி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக மருத்துவக் காப்புறுதி கேட்டார். கொழும்பில் விமானச்சீட்டோடு சேர்த்து எடுத்த பயணக் காப்புறுதியைப் பெருமையோடு நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு. நீங்கள் இங்கே வாழ வந்திருக்கிறீர்கள் அல்லவா?" என்று கேட்டார்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் அதைத் திரும்பவும் கோப்புக்குள் வைத்தேன். கணவர் தன் ஐரோப்பிய மருத்துவ அட்டையை எடுத்துக் காட்டினார். அது ஒல்லாந்துக் காப்புறுதி, அவருடைய படிப்புக்காலத்துக்கு அவருக்குப் போதும், எனக்கும் மகளுக்கும் செல்லாது என்றார் அதிகாரி. படிக்க வந்தவரின் குடும்பம் இந்த நாட்டுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கமாம். வருத்தம், ஆஸ்பத்திரி, பிள்ளைப்பேறு என்று எல்லாவற்றுக்கும் முழுமையான காப்புறுதி இருவருக்கும் இருந்தால்தான் அட்டை கிடைக்கும். செப்டெம்பரில் இன்னொரு டெர்மின் தந்தார். சந்திப்புக்குக் குறித்துத் தரும் நேரத்தை இங்கே எல்லோரும் டெர்மின் என்றுதான் சொல்வார்கள். தமிழில் பேசும்போதும் அப்படித்தான்.

அன்று மாலை மாமி, அதாவது கணவரின் தாயார், ஒல்லாந்திலிருந்து தொலைபேசி எடுத்தார். அவருக்கு என்மேல் அன்புதான். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் அதிகமாகச் சுட்டது. "அங்க சரிவராட்டி நீரும் பிள்ளையும் ஊருக்குப் போய் இரும் பிள்ளை. அவன் படிச்சு முடிச்சு வேலை எடுக்கட்டும். பிறகு வரலாம்தானே?"

பிறகு என்றால் எவ்வளவு காலம்? மகளைச் சுமந்த காலம் முழுவதும் நான் அங்கே, அவர் இங்கே. அவள் பிறந்ததைக்கூட அவர் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். நாங்கள் வந்து இறங்கியபோது மகள் அவரைக் கண்டு வீரிட்டு அழுதாள். அவர் தூக்க விடுவதற்கே அவளுக்குப் பல நாட்கள் எடுத்தது. இப்போதுதான் அப்பா என்று கையை நீட்டத் தொடங்கியிருந்தாள். அந்தக் கையை மறுபடியும் மடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தனியார் காப்புறுதி விசாரித்தோம். ஒரு மாணவரால் கட்டக்கூடியதாக இருக்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த ஒரு பெண்தான் வழி சொன்னாள். ஐரோப்பிய மாணவர் இங்கே ஒரு சின்ன வேலையாவது பதிவாகச் செய்யத் தொடங்கினால், அவருடைய காப்புறுதி ஒல்லாந்திலிருந்து ஜேர்மனிக்கு மாறவேண்டும். அரசாங்க முறையிலான மாணவர் காப்புறுதியில் அவர் சேர்ந்துவிட்டால், சொந்த வருமானம் இல்லாத மனைவியையும் பிள்ளையையும் மேலதிகக் கட்டணமில்லாமல் அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பவும் கேட்டேன். வெளியே வந்தபின் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி இன்னொரு தரமும் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "ஆம், உங்கள் பிள்ளைக்கும்தான்" என்றாள்.

அப்படியானால் ஒரு வேலை வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்க் கடை வைத்திருந்த அண்ணையிடம் போனோம். அவர் என் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி கொம்பியூட்டர் எல்லோ படிக்கிறீர்? வெங்காய மூட்டை தூக்க ஏலுமோ?"

"ஏலும் அண்ணை."

"எங்க, அந்த அரிசி மூட்டையைத் தூக்கும் பாப்பம்."

அவர் தூக்கினார். முகம் சிவந்துபோனது. அண்ணை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சரி, சனிக்கிழமையில வந்து நில்லும். பதிவு கிதிவு எண்டு ஏன் கரைச்சல்? வீட்டுக்குத் தேவையான சாமானை எடுத்துக்கொண்டு போம்" என்றார்.

அவர் உதவியாகத்தான் சொன்னார். கணவர் சரி என்று தலையாட்டப் போனார். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே பேசாமல் வளர்ந்தவள் நான். எப்படித்தான் வாய் திறந்ததோ தெரியவில்லை. "இல்லை அண்ணை, பதிவாத்தான் குடுங்கோ. எங்களுக்குச் சாமான் வேண்டாம், அந்தப் பதிவுதான் வேணும்" என்றேன். அண்ணை என் பக்கம் திரும்பினார். "ஓம் பிள்ளை, நீர் சொல்லுறது சரி. கணக்குப் பாக்கிறவரிட்டச் சொல்லிப் பதிவாவே செய்வம்" என்றார். போகும்போது மகளின் கையில் ஒரு மாம்பழத்தையும் திணித்தார்.

ஒப்பந்தம் வந்தது. கணவர் காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்தார். குடும்பத்தைச் சேர்ப்பதற்கான படிவத்தை, எழுத்து அழகாக இருக்கும் என்பதால் நான் நிரப்பினேன். அவர் கையெழுத்து வைத்தார், நானும் வைத்தேன். எல்லாம் சரி என்று ஆறுதலாக இருந்தபோது, டெர்மினுக்கு முந்திய வாரம் காப்புறுதியிலிருந்து ஒரு பதில் வந்தது. கணவர் சேரும்போது கொடுத்த திருமணத் திகதியும் குடும்பப் படிவத்தில் உள்ள திகதியும் பொருந்தவில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு வருடத்துக்கும் மேல் வித்தியாசம். விளக்கம் தரும்வரை மனைவியைச் சேர்க்க முடியாது.

"நீர் ஏன் இந்தத் திகதியைப் போட்டனீர்?" என்று கணவர் கேட்டார்.

"அண்டைக்குத்தானே கலியாணம் நடந்தது?"

"அப்ப எழுத்து?"

"எழுத்து எப்பிடிக் கலியாணமாகும்? எழுத்து முடிஞ்ச கையோட உங்களைப் பெரியம்மா வீட்டையெல்லோ அனுப்பினவை!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் விவாகப் பதிவைக் கலியாண எழுத்து என்போம். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எழுத்தை முதலில் வைத்துவிடுவார்கள். பதிவாளர் வீட்டுக்கு வருவார், கையெழுத்து, பலகாரம், தேநீர், முடிந்தது. தாலி கட்டுவது பிறகு நல்ல நாள் பார்த்து. எங்களுக்கு எழுத்து முடிந்த கொஞ்ச நாளில் அவருடைய குடும்பத்தில் ஒரு மரணம். ஆண்டுத் திவசம் முடியும்வரை கலியாணம் தள்ளிப்போனது. அந்தக் காலம் முழுவதும் நான் அம்மா வீட்டில் பழைய மாதிரியே மகளாக இருந்தேன். ஊரில் என்னை ஒருவரும் கலியாணமானவள் என்று சொல்லவில்லை. எப்போது கலியாணம் என்றுதான் கேட்டார்கள். அதனால் திருமணத் திகதி என்ற கட்டத்தைக் கண்டதும் என் கை தானாகவே தாலி கட்டிய நாளை எழுதிவிட்டது.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். அங்கேயும் அதே திகதி. அதன் கீழேயே வேறு திகதியோடு பதிவுச் சான்றிதழ். அட்டைக்காகக் கள்ளக் கலியாணம் செய்தவர்கள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? பேசாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கலாமோ? அவரைக் கொண்டே நிரப்புவித்திருக்கலாமோ? சோறு வடிக்கும்போதும் அதே யோசனை, மகளுக்குச் சீப்பால் தலை இழுக்கும்போதும் அதே யோசனை.

விளக்கத்தைத் தபாலில் அனுப்பினால் டெர்மினுக்கு முன் பதில் வராது. டெர்மின் அன்று காலையில் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் தள்ளிப்போட முடியாத பரீட்சை. "நான் சோதினையை விட்டுட்டு வாறன்" என்றார். அதை விட்டால் படிப்பும் போய்விடலாம், படிப்புப் போனால் அவர் மாணவர் இல்லை. அவர் மாணவர் இல்லையென்றால் நான் மாணவரின் மனைவி இல்லை. "நீங்கள் போய் எழுதுங்கோ, நான் போறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

அந்தக் காலை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மகளை முன்னால் கட்டிக்கொண்டு, நீலக் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் வுப்பர்டாலின் தொங்கு ரயிலில் ஏறினேன். ஆற்றுக்கு மேலே அது ஆடி ஆடிப் போகும். மகளுக்கு அந்த ஆட்டம் பிடிக்கும், கையைத் தட்டுவாள். நான் மனதுக்குள் ஜேர்மன் வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் காப்புறுதி, அங்கே சரி வந்தால் நேராக வெளிநாட்டவர் அலுவலகம்.

காப்புறுதி அலுவலகத்தில் தாடி வைத்த ஒருவர் என்னை இருக்கச் சொன்னார். கணினியைப் பார்த்தார். "இரண்டு முறை திருமணம் செய்தீர்களா?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா தெரியவில்லை. பாடமாக்கி வந்த வாக்கியங்கள் அத்தனையும் பறந்துவிட்டன.

அப்போது மகள் தன் வழக்கமான வேலையைச் செய்தாள். என் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்து வாயில் வைத்தாள். அவளுக்குப் பல் வரும் காலம், அகப்பட்டதையெல்லாம் கடிப்பாள். வெட்கத்தோடு அதை அவள் வாயிலிருந்து எடுத்தேன். எடுத்த கையில் தாலி இருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் கீழ்வீட்டுப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

நான் வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த ஜேர்மன் பெண் சாதாரண நீலச் சட்டையோடு கையில் ஒரு சின்னப் பூச்செண்டு வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். இன்று திருமணம் முடிந்தது என்றாள். வாழ்த்தினேன். அடுத்த மாதம் பார்த்தால் அதே பெண் நீண்ட வெள்ளை உடையில், தேவாலயத்துக்குப் போகக் கார் வாசலில் நிற்கிறது. போன மாதம்தானே முடிந்தது என்று கேட்டதற்கு, "அது ஸ்டாண்டஸாம்ட், பத்திரத்துக்காக. இதுதான் எங்களுக்காக" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். ஸ்டாண்டஸாம்ட் என்றால் இங்கே திருமணம் பதியும் அலுவலகம்.

நான் தாலியை அந்த மனிதரிடம் காட்டினேன். எனக்குத் தெரிந்த ஜேர்மனில், இலக்கணத்தைப் பற்றி யோசிக்காமல் சொன்னேன். "உங்கள் நாட்டில் முதல் ஸ்டாண்டஸாம்ட். பிறகு தேவாலயம். எங்கள் நாட்டில் முதல் ஸ்டாண்டஸாம்ட். பிறகு கோவில். என் கணவர் எழுதியது ஸ்டாண்டஸாம்ட் திகதி. நான் எழுதியது இது." தாலியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். "ஒரே கணவர். ஒரே கலியாணம். இரண்டு நாள்."

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "என் அக்காவும் இதே பிழையைத்தான் விட்டாள். அவளும் தேவாலயத் திகதியைத்தான் எங்கும் எழுதுவாள்" என்றார். சான்றிதழைப் பிரதி எடுத்தார். எங்களுக்குப் பதிவு நாள் மட்டும் போதும் என்று படிவத்தைத் திருத்திக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பிறகு அச்சு இயந்திரம் சத்தம் போட்டது. என் பெயரும் மகளின் பெயரும் உள்ள உறுதிப் பத்திரம் என் கைக்கு வந்தது.

நான் எழும்பவில்லை. "இது முழுமையானதா? ஆஸ்பத்திரி? பிள்ளைப்பேறு?" என்று கேட்டேன்.

"எல்லாம்."

"பல்லும்?"

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் இப்போது என் கோப்பின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பல்லும்தான். வரட்டும் முதலில்" என்றார்.

வெளியே வந்து ஓடினேன். ரயிலில் இருக்கையில் இடமிருந்தும் இருக்க முடியவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் இலக்கம் திரையில் வந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அதே மூக்குக்கண்ணாடிச் சங்கிலிப் பெண்மணி. பத்திரத்தை வாங்கி, இந்தத் தடவை முன்னும் பின்னும் வாசித்தார். "இது சரியான காப்புறுதி" என்றார். பிறகு விண்ணப்பத்தை எடுத்தார். நான் பயந்த இடத்திலேயே அவருடைய பேனை வந்து நின்றது. "இந்தத் திருமணத் திகதி..." என்று தொடங்கினார்.

அவரை முடிக்கவிடவில்லை நான். ஸ்டாண்டஸாம்ட், கோவில் என்று சொல்லி, காப்புறுதியில் திருத்தியதையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"அப்படியா? இரண்டில் எந்த நாளைக் கொண்டாடுவீர்கள்?"

"கோவில் நாளை."

"உங்கள் கணவர்?"

"அவர் இரண்டையும் மறந்துவிடுவார்."

பக்கத்து மேசையில் இருந்தவரும் சேர்ந்து சிரித்தார். அந்த அறையில் இருந்த இரண்டு ஜேர்மன்காரரை என் உடைந்த ஜேர்மன் சிரிக்க வைத்துவிட்டது. பிறகு திகதியைத் திருத்தி, என் விரல் அடையாளங்களை எடுத்தார். மகளும் தன் விரலைக் கண்ணாடியில் வைப்பேன் என்று அடம்பிடித்தாள். "உனக்குத் தேவையில்லை, நீ ஏற்கெனவே ஐரோப்பியப் பெண்" என்றார் அவர். அட்டை சில வாரங்களில் தயாராகும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வாசலில் நின்று கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அப்போதுதான் மண்டபத்தை விட்டு வெளியே வந்திருந்தார்.

"சோதினை எப்பிடி?" என்று கேட்டேன்.

"அதை விடும். அங்க என்ன நடந்தது?"

"என்னத்தைச் சொல்ல? எனக்கும் மகளுக்கும் பல்லோட சேர்த்துக் காப்புறுதி. கைவிரலும் எடுத்தாச்சு."

"ஆரைக் கூட்டிக்கொண்டு போனனீர்?" என்று கேட்டார்.

"உங்கட மகளை."

அன்று மாலை மாமிக்குச் சொன்னோம். "நான் அப்பவே சொன்னனான், நீர் வெட்டி விழுத்துவீர் எண்டு!" என்றார். அப்படி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் ஓம் மாமி, ஓம் மாமி என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கடையில் அண்ணை எல்லோருக்கும் வடை கொடுத்தாராம், தான் தந்த வேலையால்தான் ஒரு குடும்பம் ஒன்றாய் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி.

இப்போது கணவர் படிப்பை முடித்து வேலை பார்க்கிறார். அரிசி மூட்டையை ஒரு கையால் தூக்குவார். மகள் பாலர் பாடசாலையில் என்னைவிட நல்ல ஜேர்மன் பேசுகிறாள். ஊரிலிருந்து புதிதாக வரும் பெண்கள் படிவத்தோடு என்னிடம் வந்தால், "எழுத்து எண்டைக்கு? அதைப் போடுங்கோ, தாலி கட்டினதைப் போடாதேங்கோ" என்பதுதான் என் முதல் வார்த்தை. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பது மட்டும் இன்னும் மாறவில்லை.

முன்பு எழுத்து நாள் எங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாளாகப் போய்விடும். இப்போது வருடா வருடம் அன்றும் பாயாசம் வைக்கிறேன். பலகாரமும் தேநீருமாக முடிந்துபோன அந்தக் கையெழுத்துதான் எங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது என்பதையும், அதை எடுத்துச் சொல்ல எனக்கே வாய் இருந்தது என்பதையும் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாயாசத்தைக் கிண்டும்போது நினைத்துக்கொள்கிறேன்.